கடைசி நாள் பிள்ளைகள் அழுதால்தான் கேம்ப் வெற்றியா?

கேள்வி: மேடம், சேலத்தில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன், கல்லூரி ஜெபக்குழுவின் செயலாளர். வருகிற மே மாதம் நாங்கள் 12 மாணவர்கள் இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போய் 10 நாள் சிறுவர் முகாம் நடத்தப் போகிறோம். நம்ம ஊர் வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) மாதிரிதான், பாட்டு, கதை, கைவேலை, விளையாட்டு. 150 பிள்ளைகள் வருவார்கள் என்று அங்குள்ள போதகர் வாட்ஸ்அப்பில் சொல்லியிருக்கிறார். ஒருவருக்கு 28,000 ரூபாய் செலவு. டூரிஸ்ட் விசா போதும் என்கிறார் எங்களோடு வரும் சீனியர் அண்ணன். கடைசி நாள் பிள்ளைகள் நம்மைக் கட்டிக்கொண்டு அழுதால்தான் கேம்ப் சக்ஸஸ் என்றும் சொல்கிறார். கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் என் அப்பாவோ, "பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆசையிருந்தா ஏற்காட்டுக்கு பஸ் ஏறு, கடல் எதுக்குத் தாண்டணும்" என்கிறார். அப்பா சொல்வது சரியா? போவதென்றால் எப்படித் தயாராவது? (பெயர் வேண்டாம், சேலம்)

பதில்:

தம்பி, உன் கடிதத்தில் ஒரே ஒரு ஆளைத் தேடினேன், கிடைக்கவில்லை. செலவு இருக்கிறது, தேதி இருக்கிறது, சீனியர் அண்ணன் இருக்கிறார், அப்பா இருக்கிறார். அந்தத் தோட்டத்தில் ஒவ்வொரு ஞாயிறும் பிள்ளைகளை உட்கார வைத்துக் கதை சொல்கிற டீச்சர் யார்? அநேகமாக ஒரு அக்காவாகத்தான் இருப்பார், வாரம் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு உட்காருகிறவர். நீங்கள் வருவது அவருக்குத் தெரியுமா? போதகர் கூப்பிட்டார் என்பது சரி. ஆனால் பதினோராம் நாள் அந்தப் பிள்ளைகள் யார் முன்னால் போய் நிற்பார்களோ அவருடைய கேம்ப் அது, நீங்கள் 12 பேரும் அவருக்குக் கை கொடுக்கப் போகிறவர்கள். இதை ஒத்துக்கொண்டால் உன் கேள்விகளில் பாதிக்குப் பதில் தானாக வந்துவிடும்.

முதலில் அந்த அழுகை விஷயம். அதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது, உன் மேல் இல்லை.

நான் குழந்தைகளுக்கு மனநல ஆலோசனை சொல்கிற வேலை பார்க்கிறேன், அதற்கு முன்பிருந்தே ஞாயிறு பள்ளி டீச்சர். இரண்டு பக்கத்திலிருந்தும் சொல்கிறேன்: ஆறு வயதுப் பிள்ளை பத்து நாளில் ஒருவரிடம் ஒட்டிக்கொள்வது பெரிய விஷயமே இல்லை. தூக்கி வைத்துக்கொண்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நாள் முழுக்கச் சிரித்த முகத்தோடு இருந்தால் எந்தப் பிள்ளையும் ஒட்டிக்கொள்ளும். வீட்டில் அம்மா அப்பா அப்படி இருக்க முடியாது, அவர்களுக்கு வேலை இருக்கிறது, அலுப்பு இருக்கிறது. நீங்கள் பத்தே நாள்தான் என்பதால் உங்களால் முடிகிறது. பிறகு ஒரு நாள் வேன் ஏறிப் போய்விடுவீர்கள், அடுத்த வருடம் வேறொரு குழு வந்து அதையே செய்யும். பெரியவர்கள் வருவார்கள், கொஞ்சுவார்கள், காணாமல் போவார்கள் என்பதுதான் இதில் பிள்ளை கற்றுக்கொள்கிற பாடம். அனாதை இல்லங்களுக்கு வெளியாட்கள் தொண்டு செய்ய வந்து போகிற திட்டங்களால் உண்டாகும் கெடுதலைப் பற்றி 2019-ல் ஐ.நா. பொதுச்சபையே தீர்மானத்தில் எழுதியிருக்கிறது. உங்கள் பிள்ளைகள் வீடுள்ள பிள்ளைகள், அந்த அளவுக்கு இல்லை என்றாலும் திசை அதேதான்.

அந்த மலைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. மலையகத் தமிழர்களின் முன்னோர்களில் திருச்சி, தஞ்சாவூர், மதுரைக்காரர்களோடு நம் சேலம் ஜில்லாக்காரர்களும் உண்டு, தோட்ட வேலைக்கு ஆள் சேர்க்கும் கங்காணிகள் கூட்டிப்போனார்கள். 1948-ல் அவர்களில் பெரும்பாலோர் குடியுரிமை இல்லாதவர்கள் ஆனார்கள். 1964-ல் இரு நாட்டுப் பிரதமர்களும் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது என்று முடிவானது. அண்ணன் இந்தியாவுக்கு, தம்பி அங்கேயே என்று ரயில் நிலையத்தில் பிரிந்த குடும்பங்கள் ஏராளம். அந்தக் குடும்பங்களின் பாட்டிகளில் சிலர் இன்னும் லயத்து வாசலில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டு வாசலில், உட்கார்ந்திருப்பார்கள். அங்கே போய் "எங்களைப் பிரிய முடியாமல் அழுதார்கள்" என்று வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போடப் போகிறீர்களா? வேண்டாம் தம்பி.

அப்படியானால் எப்படி முடிப்பது? முதல் நாளே சுவரில் பத்துக் கட்டம் வரைந்து ஒட்டுங்கள், தினமும் ஒரு பிள்ளை ஒரு கட்டத்துக்கு வண்ணம் அடிக்கட்டும். பத்து முடிந்தால் இந்த அண்ணன் அக்காக்கள் ஊருக்குப் போவார்கள், டீச்சர் இங்கேயே இருப்பார் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள், சின்னப் பிள்ளைகளுக்கும் புரியும். கதையை அந்த ஊர் டீச்சர் சொல்லட்டும், நீ படத்தைப் பிடித்துக்கொண்டு நில். மனப்பாட வசனத்துக்குப் பரிசு கொடுப்பதும் அவர் கையால் நடக்கட்டும். "அடுத்த வருஷம் கண்டிப்பா வருவோம்" என்று யாரும் வாய் விடக் கூடாது. போன் நம்பர், இன்ஸ்டாகிராம் எதுவும் பிள்ளைகளோடு பரிமாறக் கூடாது, பத்தாவது படிக்கிற பெரிய பிள்ளைகள் கேட்டாலும். கடைசி நாள் ராலியை மெழுகுவர்த்தி, மெதுவான பாட்டு, கட்டிப்பிடித்தல் என்று இரவுக்கு இழுக்காமல், மதியம் சாப்பாடு போட்டு, ஒரு கபடி ஆட்டத்தோடு முடித்துவிடுங்கள். அழுகிற பிள்ளை அழட்டும், அதை மேடையாக்காதீர்கள்.

இனி என் சொந்தக் கதை. உன் வயதில் நாங்களும் ஏழு பேர் கிறிஸ்துமஸ் விடுமுறையில் சேர்வராயன் மலையில் ஒரு கிராமத்துக்கு ஆறு நாள் முகாம் நடத்தப் போனோம். காப்பிப்பழம் பறிக்கிற காலம். காலை ஒன்பது மணிக்கு வகுப்பு. பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண் பிள்ளைகள் எல்லாம் இடுப்பில் ஒரு தம்பியையோ தங்கச்சியையோ தூக்கிக்கொண்டு வந்தார்கள், அம்மா பழம் பறிக்கப் போயிருப்பார். கைக்குழந்தைகள் கத்துகின்றன, பாட்டு கெட்டுப்போகிறது. எங்கள் குழுத் தலைவி, அதாவது நான், "சின்னக் குழந்தைகளைக் கூட்டிட்டு வரக் கூடாது" என்று அறிவித்தேன். மறுநாள் குழந்தைகள் வரவில்லை, அந்த அக்காக்களும் வரவில்லை. மிச்சமிருந்த பையன்களுக்கு அருமையாக முகாம் நடத்திவிட்டு, நல்லா நடந்தது என்று ரிப்போர்ட் எழுதிவிட்டு, இருபது கொண்டை ஊசி வளைவும் பாட்டுப் பாடிக்கொண்டே இறங்கினோம். அந்த ஊரில் அங்கன்வாடி ஆயா ஒருவர் இருந்தார். அவரிடம் முதல் நாள் ஐந்து நிமிடம் பேசியிருந்தால் வகுப்பை மாலைக்கு மாற்றச் சொல்லியிருப்பார், இல்லையென்றால் ஒரு மூலையில் பாய் போட்டுக் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அவரே வந்திருப்பார். எங்களுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

ஹட்டனிலும் இதேதான் நடக்கும். தோட்டங்களில் பிள்ளைக் காம்பரா என்று கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற இடம் உண்டு. அது எப்போது திறக்கும், எப்போது மூடும், மலையிலிருந்து பெண்கள் எத்தனை மணிக்குத் திரும்புவார்கள், லயத்தில் பிள்ளைகளுக்கு என்னென்ன வேலை, இதெல்லாம் தெரிந்த பிறகுதான் டைம்டேபிள்.

உங்கள் மே மாதமே தவறு என்று நினைக்கிறேன். நமக்கு மே என்றால் முழுப் பரீட்சை லீவு. இலங்கையில் பள்ளி விடுமுறை பொதுவாக ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, அப்புறம் ஆகஸ்ட், டிசம்பர். மே மாதம் பள்ளி நடக்கும். உங்கள் 150 பிள்ளைகள் காலையில் யூனிபார்ம் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போயிருப்பார்கள், நீங்கள் காலி ஹாலில் கிட்டாருக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருப்பீர்கள். மே கடைசியில் தென்மேற்குப் பருவமழை வேறு தொடங்கும், ஹட்டன் பக்கம் அது கொட்டுகிற சரிவு, அட்டைக்கடியும் உண்டு. பௌத்தர்களின் வெசாக் பண்டிகையும் பெரும்பாலும் மே மாதத்தில்தான் வரும், நாடே அலங்காரமும் விளக்குமாக இருக்கிற அந்த நாட்களில் நீங்கள் மைக் வைத்துக்கொண்டு கத்துவது அழகாக இருக்காது. தேதியை டீச்சரும் போதகரும் சொல்லட்டும். உங்கள் செமஸ்டருக்கு ஒத்துவரவில்லையென்றால் யாருக்கு ஒத்துவருகிறதோ அந்த ஐந்து பேர் போகலாம், 12 என்பது வேதவாக்கு இல்லை.

விசாவில் நான் கறார். சுற்றுலா விசா சுற்றிப் பார்க்க. அதில் போய் மத நிகழ்ச்சி நடத்துவது அந்த அனுமதிக்குள் வராது, நம் நாட்டிலும் டூரிஸ்ட் விசாவில் வந்து பிரசங்கம் செய்தால் திருப்பி அனுப்புவார்கள். உங்களை அழைக்கிற சபை, இந்தத் தேதியில் இன்னார் இந்தக் காரியத்துக்கு வருகிறார்கள், எந்த விசா என்று அங்குள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு எழுதிக் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்கட்டும். "ஏர்போர்ட்ல கேட்டா டூர்னு சொல்லிடுங்க" என்று உன் அண்ணன் சொல்வாரேயானால் அவரைச் சேலத்திலேயே விட்டுவிட்டுப் போ. பொய் சொல்லி இறங்கி அடுத்த நாள் காலை பத்துக் கட்டளை நடத்துவாயா? மாட்டிக்கொண்டால் நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள், பதில் சொல்ல வேண்டியவர் அந்தப் போதகர். தோட்டமும் பொது இடம் இல்லை, கம்பெனி நிர்வாகத்தில் இருக்கிறது. துரையிடம், அதாவது தோட்ட மேனேஜரிடம், அனுமதி வேண்டும், அதையும் அவர்களே வாங்கட்டும்.

அடுத்தது நீ கேட்காத கேள்வி, ஆனால் கட்டாயம் வரும். தோட்டத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்து வீட்டுப் பிள்ளைகள். இலங்கை அரசியல் சட்டம் பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்தாலும், விரும்பிய மதத்தைப் பின்பற்றும் உரிமையை 10-ஆம் பிரிவில் எல்லோருக்கும் தருகிறது. அதை வைத்துக்கொண்டு எட்டு வயதுப் பிள்ளையிடம் "யார் யார் இயேசுவுக்கு உங்களை ஒப்புக்கொடுக்கிறீர்கள், கையைத் தூக்குங்க" என்று கேட்காதீர்கள். பிஸ்கட் கொடுத்த அண்ணன் கேட்டால் பிள்ளை இரண்டு கையையும் தூக்கும், அதை எண்ணி ரிப்போர்ட் எழுதுவது யாரை ஏமாற்ற? 1989-ன் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையும் மத விஷயத்தில் பிள்ளைக்கு வழிகாட்டும் உரிமை பெற்றோருக்கு என்கிறது, இந்தியா, இலங்கை இரண்டுமே அதை ஏற்ற நாடுகள். பெற்றோரிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்குங்கள், அதில் "வேதாகமக் கதைகள் சொல்லப்படும், கிறிஸ்தவப் பாடல்கள் உண்டு" என்று தமிழில் பளிச்சென்று இருக்க வேண்டும். ஆளுமை வளர்ச்சி முகாம் என்று பெயர் வைத்துக்கொண்டு உள்ளே வேறொன்று நடத்துகிற பழக்கம் எனக்குப் பிடிப்பதே இல்லை, நானே விசுவாசி என்றாலும். பாட்டும் விளையாட்டும் மட்டும் போதும் என்று ஒரு அம்மா சொன்னால் கதை நேரத்தில் அந்தப் பிள்ளைக்கு வேறு வேலை கொடுங்கள், ஒதுக்கி வெளியே நிறுத்தாமல்.

150 பிள்ளைகள், 12 பேர் என்கிறாய். பிரிட்டனின் என்.எஸ்.பி.சி.சி. என்ற குழந்தைப் பாதுகாப்பு அமைப்பு சொல்கிற கணக்கு இது: 4 முதல் 8 வயது என்றால் 6 பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், 9 முதல் 12 என்றால் 8 பேருக்கு ஒருவர். உன் 150-ல் 80 பேர் சின்னவர்கள் என்று வைத்துக்கொண்டால் 14 பேர், மீதி 70-க்கு 9 பேர், ஆக 23 பேர் வேண்டும். இது சமையல், முதலுதவி, கிட்டார் வாசிப்பவர் எல்லோரையும் விட்டுவிட்டு. நம் சபைகளில் யாரும் இந்தக் கணக்குப் பார்ப்பதில்லை, ஒரு டீச்சர் 40 பேரை மேய்ப்பார், எனக்குத் தெரியும். ஆனால் நம் சபை டீச்சருக்கு ஒவ்வொரு பிள்ளையின் வீடும் தெரியும், பெயர் தெரியாமல் தடுமாறப் போகிறவர்கள் நீங்கள். 70 பிள்ளைகள் போதும். இல்லையென்றால் அந்த ஊர் வாலிபர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள், உண்மையில் அதுதான் நல்லது, நீங்கள் போன பிறகு அந்தப் பாட்டும் விளையாட்டும் அவர்கள் கையில் இருக்கும்.

பாதுகாப்பில் நல்ல மனசை மட்டும் நம்ப முடியாது. பிள்ளையோடு யாரும் தனியாக இருக்கக் கூடாது, எப்போதும் இரண்டு பெரியவர்கள், கதவு திறந்தே இருக்கட்டும். சின்னப் பிள்ளைகளைக் கழிப்பறைக்கு உள்ளூர் அக்காக்கள் கூட்டிப் போகட்டும். உன் சீனியர் அண்ணன் உட்பட வருகிற எல்லோரையும் பற்றி, அவர்களை நீண்ட நாள் அறிந்த இரண்டு பேரிடம் நேரில் விசாரியுங்கள். "ரொம்ப நல்லவர், நல்லா பாடுவார்" என்பது விசாரணை ஆகாது. பாடுகிறவர்களாலும் பிள்ளைகள் பாதிக்கப்பட்டு என் அறைக்கு வந்திருக்கிறார்கள், அதற்கு மேல் இங்கே சொல்ல முடியாது. ஒரு பிள்ளை உன்னிடம் வந்து வீட்டில் அடிக்கிறார்கள், ஒருவர் தொடுகிறார் என்று சொன்னால் "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதே, துருவித் துருவிக் கேட்காதே. சொன்னது நல்லது, உன் மேல் தப்பில்லை, உதவி செய்யக்கூடிய ஒருவரிடம் சொல்லப் போகிறேன் என்று பிள்ளைக்குச் சொல். பிள்ளை சொன்ன வார்த்தைகளிலேயே எழுதி வைத்து, முகாமுக்கு முன்பே முடிவு செய்து வைத்திருக்கிற அந்த ஊர்ப் பொறுப்பாளரிடம் கொடு. நம் 1098 போல அங்கே சிறுவர் உதவிக்கு 1929. ஆம்புலன்ஸுக்கு 1990, இலவசம். இரண்டையும் 12 பேரும் மனப்பாடம் செய்யுங்கள். நீங்களாக எந்தப் பிள்ளைக்கும் மாத்திரை கொடுக்கக் கூடாது, காய்ச்சல் மாத்திரை உட்பட.

அங்கே சபை வாசலில் பையைச் சோதித்தால் முகம் சுளிக்காதீர்கள். 2019 ஈஸ்டர் அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது இறந்தவர்களில் ஞாயிறு பள்ளி முடிந்து வெளியே நின்றிருந்த பிள்ளைகளும் உண்டு. தெரியாதவர்கள் பையோடு சபைக்குள் நுழைவது அந்த நாட்டில் சாதாரண விஷயம் இல்லை.

வார்த்தைகளிலும் கவனம். தோட்டக்காட்டான் என்று அவர்களைச் சொல்வது வசை, விளையாட்டுக்குக்கூட யார் வாயிலும் வரக் கூடாது. "பாவம், ஏழைப் பிள்ளைகள்" என்று அவர்கள் காதுபடச் சொல்வதும் அதே ரகம்தான்.

சாமான்களைப் பற்றி ஒரு சின்னக் கதை. பல வருடம் முன்பு ஏற்காட்டில் ஒரு விடுதிக்கு வெளிநாட்டு மாணவர் குழு ஒன்று வந்தது, நான்தான் மொழிபெயர்ப்பு. நல்ல பிள்ளைகள், பாசமானவர்கள். பெட்டி பெட்டியாக டீஷர்ட் கொண்டுவந்தார்கள், எல்லாம் பெரியவர்கள் சைஸ். ஒரு வாரம் விடுதிப் பிள்ளைகள் நைட்டி போட்ட மாதிரி திரிந்தார்கள். சுவருக்கு அழகாக வானவில் அடித்துக் கொடுத்தார்கள், அதே சுவரில்தான் வார்டன் ஐந்து வருடமாக ஒவ்வொரு பிள்ளையின் உயரத்தையும் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை, நன்றி சொல்லி டீ கொடுத்தார். வாங்குகிற இடத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அதனால்தான் முதலில் கேள் என்கிறேன்.

இப்போது அப்பா. அவர் சொல்வதில் பாதி சரி. ஏற்காடு பக்கத்தில் இருக்கிறது, ஹட்டன் தூரம் என்பதால் இல்லை. நான் சொன்ன தப்பை நான் பக்கத்து மலையில்தான் செய்தேன், அதனால் கடல் தாண்டாமல் இருந்தால் மட்டும் எதுவும் சரியாகிவிடாது. ஆனால் அவர் உன்னைக் கேட்காமல் கேட்பது, இங்கே ஒரு வேலையைத் தொடர்ந்து செய்திருக்கிறாயா என்று. கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கிற வேலையை வந்த அன்றே யார் கையிலும் கொடுத்துவிட மாட்டார்கள் இல்லையா? வருகிற சனிக்கிழமையிலிருந்து உங்கள் 12 பேரும் சேலத்திலோ ஏற்காட்டிலோ ஏற்கனவே நடந்துகொண்டிருக்கிற ஏதாவது ஒரு பிள்ளைகள் வகுப்புக்குப் போய், அங்குள்ள டீச்சர் சொல்கிற வேலையைச் செய்யுங்கள். பாய் விரிப்பது, மூக்கு துடைப்பது, வருகைப் பதிவு. புதிதாக எதுவும் ஆரம்பிக்க வேண்டாம். எட்டு சனிக்கிழமையில் ஆறுக்காவது வராதவர் இலங்கைக்கும் வர வேண்டாம். உன் பட்டியல் பாதியாகும் என்று நினைக்கிறேன், பயப்படாதே, அந்தப் பாதிதான் உனக்கு வேண்டும்.

பணம், 12 பேருக்கு 3,36,000 ரூபாய். இதை அப்படியே அனுப்பிவிட்டு வீட்டில் இருங்கள் என்று சொல்லமாட்டேன், மனிதர் போய் மனிதரைப் பார்ப்பதற்கும் ஒரு விலை இருக்கிறது, சேலத்துத் தமிழன் ஹட்டனில் போய் ஒரு லயத்துத் திண்ணையில் டீ குடிப்பது நல்ல விஷயம். ஆனால் ஆறு பேர் போனால் பாதி மிஞ்சும், அதை என்ன செய்வது என்று டீச்சரிடம் கேள்.

ஆக, இந்த வாரமே போதகருக்குப் போன் செய்து அந்த டீச்சரின் நம்பரை வாங்கு. ஞாயிறு மாலை, வகுப்பு முடிந்து அவர் வீடு திரும்பிய பிறகு பேசு. பிள்ளைகளுக்கு எந்த மாதம் லீவு, உங்களுக்கு எத்தனை பேர் வந்தால் தொந்தரவு இல்லாமல் உதவியாக இருக்கும், எதைக் கொண்டுவரக் கூடாது என்று கேள். நீ பேசுவதைவிட அவர் அதிகம் பேச வேண்டும், அதற்கு ஒரு மணி நேரம் ஆனாலும் சரி. போனை ஸ்பீக்கரில் போட்டு அப்பாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள். டிக்கெட்டை அதற்குப் பிறகு பார்க்கலாம்.